மொட்டைமாடிக்கு மேல் ஒரு சரிவு

கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையில் பஸ் ஏறி மார்த்தாண்டம், குலசேகரம் என்று பேச்சிப்பாறை பக்கம் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படும். கான்கிரீட் வீட்டின் மொட்டைமாடிக்கு மேலே இன்னொரு கூரை நிற்கும். வரிசையாக இரும்புத் தூண், அதன் மேல் சரிவாகச் சிவப்பிலோ நீலத்திலோ உலோக ஷீட். எதிர்ப்பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போனாலும் இதே காட்சிதான். மதுரையிலிருந்து வந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "கூரைதான் இருக்கே, அதுக்கு மேல எதுக்கு இன்னொரு கூரை?"

அவர் ஊர் மழையை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் ஊரில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் சும்மா பெய்கிற மழை வேறு. இந்த மண்ணில் வீடு கட்டியவர்கள் அதைத் தெரிந்துதான் கட்டினார்கள். தக்கலை பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையின் கூரைகளை நின்று பாருங்கள். செங்குத்தான சரிவு, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்ட இறவாரம். விழுந்த தண்ணீர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் அந்த வடிவத்தின் கணக்கு. சாதாரண ஓலை வீட்டுக்கும் அதே கணக்குதான். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்பு ஓடு மேற்குக் கரை முழுக்கப் பரவியது. பொருள் மாறியது, சரிவு மாறவில்லை.

சரிவை விட்டது கான்கிரீட் வந்தபோதுதான். வளைகுடாப் பணமும் ரப்பர் பணமும் கொஞ்சம் கையில் புழங்கத் தொடங்கியதும் எல்லோரும் தட்டையாகக் கூரை போட்டோம். மேலே ஒரு மாடி பிறகு கட்டிக்கொள்ளலாம், துணி காயப் போடலாம், ஓடு மாற்றுகிற தொல்லை இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் வருடத்தில் பாதி நாள் நனைகிற ஊரில் தட்டையான பரப்பு என்பது ஆழமில்லாத குளம். கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். தண்ணீர் அதில் இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பழைய அளவைவிடப் பெருத்து, தன்னைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். சீலிங்கில் சிமெண்ட் பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படி வந்ததுதான்.

எங்கள் வீட்டில் சமையலறையின் வடமேற்கு மூலை. முதலில் கை அளவு ஈரம், அப்புறம் அதைச் சுற்றிக் கறுப்புப் பூசணம். ஒரு வருடம் தார் பூசினோம், ஒரு வருடம் கெமிக்கல் அடித்தோம், ஒரு வருடம் மேலே தட்டோடு பதித்தோம். ஒவ்வொன்றும் இரண்டு மழைக்குத் தாங்கியது. கடைசியில்தான் ஷீட் போட்டோம். எட்டு வருடம் ஆகிறது. அந்த மூலை காய்ந்து கிடக்கிறது. அதனால் உலோகக் கூரையின் லாபத்தை யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது உலோகத்தைப் பற்றி அல்ல. அது நமக்குச் சரிவைத் திருப்பித் தந்தது. ஏற்கெனவே நிற்கிற வீட்டின் தலையில், சுவரை இடிக்காமல், அஸ்திவாரத்தைத் தொடாமல் சரிவைக் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை.

ஏன் எளிது என்றால், எடை. அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகு ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு முதல் ஐந்து கிலோதான் வரும். மங்களூர் ஓட்டைப் பரப்பினால் அதே இடத்துக்கு நாற்பது கிலோவுக்குக் குறையாது, மரச்சட்டம் தனி. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் என்றால் சுமார் 250 கிலோ. பழைய வீட்டின் மேல் இன்னொரு கான்கிரீட் தட்டை ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. ஷீட்டை ஏற்றலாம்.

இவ்வளவு மெல்லிய தகடு எப்படி ஆள் நடந்தால் தாங்குகிறது என்பதை ஒரு காகிதத்தை வைத்தே பார்க்கலாம். தட்டையான காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்தால் துவண்டு தொங்கும். விசிறி மாதிரி மடித்துப் பிடித்தால் நேராக நிற்கும். ஹென்றி ராபின்சன் பாமர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1829-ல் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கியது இந்தச் சங்கதிக்குத்தான். 1837-ல் பிரான்சில் சோரெல் என்பவர் இரும்பின் மேல் துத்தநாகம் பூசுகிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டும் சேர்ந்ததும் உலகம் முழுக்கக் கப்பலில் போகிற கூரை தயார். நம் பெரியவர்கள் இதை நாகத் தகடு என்று சரியாகத்தான் சொன்னார்கள், நாகம் என்றால் துத்தநாகம். தகரம் என்று நாம் சொல்வதுதான் பிசகு. தகரம் வேறு உலோகம். அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'தகரக் கொட்டகை' என்கிற இளக்காரமும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

துத்தநாகத்தின் வேலை வெறும் போர்வை அல்ல. ஷீட்டில் ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அது தீரும் வரை துரு காத்திருக்கும். இப்போது கடைகளில் அதிகம் விற்பது வெறும் துத்தநாகப் பூச்சு அல்ல, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு. கால்வால்யூம் என்பார்கள். எடையில் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் 1972-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெறும் துத்தநாகப் பூச்சைவிட நீண்ட காலம் தாங்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற கரையோரத்தில் இருக்கிறவர்கள் முழு அலுமினிய ஷீட்டையே யோசிக்கலாம். துருப்பிடிக்காது. விலை கூடுதல், அடி பட்டால் சீக்கிரம் நசுங்கும்.

கடையில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். ஷீட் 0.50 என்று சொன்னால், அது இரும்பின் தடிமனா, பூச்சும் பெயிண்டும் சேர்ந்த தடிமனா? ஏஇசட் 150 என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு இருக்கிறது என்று பொருள். அந்தப் பூச்சே கிட்டத்தட்ட 0.04 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும், பெயிண்ட் இன்னொரு 0.03. ஆக, எல்லாம் சேர்ந்து 0.50 என்றால் உள்ளே இரும்பு 0.43 தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இரண்டும் தொழிலில் புழங்குகிற கணக்குதான். ஆனால் இரண்டு கடையின் விலையை ஒப்பிடும்போது எந்தக் கணக்கு என்று தெரியாவிட்டால் நஷ்டம் நமக்கு. ஷீட்டின் அடிப்பக்கத்தில் கம்பெனி பெயரும் தடிமனும் பூச்சு அளவும் அச்சடித்திருக்கும். பில் போடும் முன் ஒரு ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி நான் பட்டது. எங்கள் வீட்டுக்கு ஷீட் போட வந்த பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரர்தான், வெல்டிங் சுத்தமாக இருந்தது. ஆனால் ஓரத்து ஷீட்டுகளைக் கூரையின் மேலேயே வைத்துக் கட்டிங் வீலால் அறுத்தார்கள். பொறி பறந்து பக்கத்து ஷீட்டில் விழுந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. முதல் மழை பெய்து மூன்று நாள் கழித்து மேலே ஏறிப் பார்த்தால், புத்தம் புது சிவப்பு ஷீட்டில் மிளகு தூவினாற்போல் பழுப்புப் புள்ளிகள். சூடான இரும்புத்தூள் பெயிண்டைச் சுட்டு உள்ளே பதிந்து, அங்கேயே துருப்பிடித்திருக்கிறது. அறுத்த விளிம்பிலும் பூச்சு கருகி, இன்று அந்த ஓரம் மட்டும் தாள் மாதிரி உதிர்கிறது. ஷீட்டை அளவெடுத்து ஆர்டர் கொடுத்தால் அந்த நீளத்திலேயே வரும். கட்டாயம் வெட்ட வேண்டும் என்றால் தகடு வெட்டும் கத்தரியால், தரையில் வைத்து வெட்டச் சொல்லுங்கள். துளை போட்ட இரும்புத்தூளை அன்றைக்கே துடைப்பத்தால் பெருக்கி இறக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வெயில் விஷயத்தில்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஷீட் சுடும், உண்மை. அடர்த்தியான நிறம் என்றால் மத்தியானத்தில் அதன் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். ஆனால் கான்கிரீட்டுக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கான்கிரீட் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்து ராத்திரி முழுக்க அறைக்குள் கக்கும். ஷீட்டில் சேர்த்துவைக்கச் சதையே இல்லை. வெயில் இறங்கிய அரை மணி நேரத்தில் ஆறிவிடும். மொட்டைமாடிக்கு மேல் ஷீட் போடும்போது நடப்பது இன்னும் நல்லது. வெயில் கான்கிரீட்டின் மேல் விழுவதே இல்லை, ஷீட்டின் மேல் விழுகிறது. நடுவில் ஆளுயரத்துக்குக் காற்று. நாலு பக்கமும் திறந்திருந்தால் சூடான காற்று நிற்காமல் வெளியேறும். முன்பு மாசி, பங்குனியில் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே ஹாலுக்கு வந்துவிடுவார்கள். இப்போது மாடியிலேயே படுக்கிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். சிலர் சாரல் அடிக்கிறது என்று மூன்று பக்கம் ஷீட்டால் அடைத்து அறையாக்கிவிடுகிறார்கள். அப்புறம் அது அடுப்பு. கான்கிரீட் இல்லாமல் நேராக வீட்டுக்கே ஷீட் கூரை போடுகிறவர்கள் வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுத்து, ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் படலமும் அதற்குக் கீழே ஒரு மச்சும் போடாமல் குடியேற வேண்டாம். மழைச் சத்தத்துக்கும் அதுவேதான் மருந்து. வெறும் ஷீட்டில் ஆடி மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மேலும் கீழும் வெறும் காற்றாக இருக்கிற தகடு பறை மாதிரி அதிரும், அடியில் மெத்தென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த அதிர்வு அடங்கும். மாடிக்கு மேல் போட்ட ஷீட்டின் சத்தத்தைக் கான்கிரீட் தடுத்துவிடுவதால் கீழே அவ்வளவாகத் தெரியாது.

எடை குறைவு என்பதை லாபமாகச் சொன்னேன். அதன் மறுபக்கம் காற்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலில் போனவர்களின் துயரம் தனி, அதை இதோடு சேர்த்துப் பேச மனம் வரவில்லை. கரையில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, வாழை படுத்தது, ஷீட்டுகள் பறந்தன. எங்கள் தெருக் கோடியில் ஒரு வீட்டின் மாடிக் கூரை, ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டகமான ட்ரஸ்ஸோடு சேர்ந்து, பக்கத்துத் தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஷீட்டிலிருந்து ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை. தூணைத்தான் மாடியில் சரியாகப் பிடித்திருக்கவில்லை.

காரணம் கணக்கில் தெரியும். இந்தியத் தரக்குறிப்பு ஐஎஸ் 875 திருவனந்தபுரத்துக்குச் சொல்கிற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோ அழுத்தம் வரும். ஷீட்டின் எடை ஐந்து கிலோ. காற்று கூரையைப் பெரும்பாலும் கீழே அமுக்குவதில்லை. சரிவுக்கு மேலே உறிஞ்சி இழுக்கும், பக்கம் திறந்த கூரையில் அடியிலிருந்தும் தூக்கும். ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இந்த இழுப்பு நடுவில் இருப்பதைவிட அதிகம். ஓட்டுக் கூரை தன் எடையாலேயே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஷீட்டுக்கு அந்தத் துணை இல்லை. அதை விழாமல் காப்பது பெரிய வேலையே இல்லை, பறக்காமல் காப்பதுதான் வேலை.

ஆகவே தூணின் அடித்தட்டைக் கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் போல்ட் அடித்து நிறுத்த விடாதீர்கள். கீழே கான்கிரீட் தூணோ பீமோ ஓடுகிற இடம் பார்த்து, அதில் ஆழமாக ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். தூண், ட்ரஸ், குறுக்குச் சட்டம், ஷீட் என்று ஒவ்வொன்றும் அடுத்ததைப் பிடித்திருக்க வேண்டும், சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மொத்தமும் போகும். ஓரங்களில் திருகை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். கம்பி, பைப் எல்லாம் வாங்கிய பிறகு திருகில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தச் செலவில் திருகுக்கு ஆவது மிகச் சொற்பம்.

திருகைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷீட் கூரை ஒழுகினால் பத்தில் எட்டு தடவை அது திருகடிதான் என்று எங்கள் பட்டறைக்காரர் சொல்வார், என் அனுபவமும் அதுதான். ஒவ்வொரு திருகின் தலைக்கு அடியிலும் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். அதை அளவாக இறுக்க வேண்டும். வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும். மெஷினை அழுத்திப் பிடித்து இறுக்கிவிட்டால் ரப்பர் பிளந்துவிடும், அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் வருடம் தெரியும். நெளிவு ஷீட்டில் திருகு மேட்டில் ஏற வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அல்ல. அதோடு வெயிலில் ஷீட் நீளும். ஆறு மீட்டர் எஃகு ஷீட் 40 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் என்றால் ஐந்தரை. மத்தியான வெயிலில் திடீரென்று மழை விழும்போது மேலே டக் டக்கென்று கேட்பது அது சுருங்குகிற சத்தம். தினம் தினம் இந்த இழுபறியைத் தாங்குவது அந்தச் சின்ன ரப்பர்தான். மட்டமான வாஷர் சில வருடத்தில் வெயிலில் காய்ந்து, விரலால் தொட்டாலே கரி மாதிரி உதிரும்.

இடி மின்னலுக்குப் பயந்து இரும்புக் கூரை வேண்டாம் என்பவர்கள் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்கால இடி எங்கள் மலையடிவாரத்தில் எப்படி விழும் என்று தெரிந்தவர்களின் பயம் அது, லேசாகத் தள்ள முடியாது. ஆனால் உலோகம் என்பதற்காக மின்னல் தேடி வருவதில்லை. உயரமும் திறந்தவெளியும்தான் அதைத் தீர்மானிக்கும். விழுந்தாலும் உலோகம் தீப்பிடிக்காது. ட்ரஸ்ஸை முறையாகத் தரையில் ஏர்த் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். மின்சாரத்தில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாடிக்கு மேல் ஆளுயரம் எழுப்பும்போது, முன்பு எட்டாத தூரத்தில் இருந்த மின்கம்பி கை எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். நீளமான ஷீட்டைத் தூக்கித் திருப்பும்போது அதன் நுனி கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். வீட்டருகே லைன் போகிறது என்றால் மின்வாரியத்தில் சொல்லி, வேலை நடக்கும் நேரம் இணைப்பை நிறுத்தாமல் ஒரு ஷீட்டைக்கூட ஏற்றவிடாதீர்கள்.

தென்னை நிற்கிற வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு லாபம் சொல்லத் தேவையில்லை. தேங்காய் விழுந்தால் ஓடு உடையும், சிமெண்ட் ஷீட் வெடிக்கும், உலோக ஷீட்டில் பள்ளம் விழும். பள்ளம் ஒழுகாது. குரங்கு வந்து ஓட்டைப் பிரித்துப் போடுகிற மலையோர ஊர்களிலும் இதே கதைதான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அந்த நாரின் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உடைத்து எறியாதீர்கள். நன்றாக நனைத்து, முழுசாகக் கழற்றி, முகத்தில் நல்ல முகமூடி போட்டு இறக்க வேண்டும். உலோக ஷீட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆயுள் முடிந்தால் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்.

மழைத் தண்ணீரைச் சேர்க்கவும் இதுபோல் பரப்பு கிடைக்காது. ஆயிரம் சதுர அடிக் கூரை 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர் விழும். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்வது இங்கே சாதாரணம், அன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர். வழவழப்பான ஷீட் அதைக் குடிக்காது, பாசியும் பிடிக்க விடாது. முதல் மழையைத் தூசியோடு வெளியே விட்டுவிட்டு, பிறகு கூரையோரத் தண்ணீர்ப் பாத்தி வழியாகக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்பலாம். ரப்பர்த் தோட்டம் பக்கத்தில் இருந்தால் பாத்தியை அகலமாகப் போடுங்கள். தை மாதம் இலை உதிரும்போது அது ஒரே வாரத்தில் நிரம்பும்.

மேலே கிடைக்கிற நிழலை எங்கள் வீட்டில் இப்போது யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஒரு பக்கம் துணிக் கயிறு, ஒரு பக்கம் ரப்பர் பாலில் செய்த ஷீட் தொங்குகிறது, நடுவில் மிளகும் பாக்கும் காய்கிறது. மழை வருகிறது என்று யாரும் ஓடுவதில்லை.

புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், நான் ஒருநாள் காலை வெயில் ஏறும் முன் கூரைக்கு ஏறுவேன். குறுக்குச் சட்டத்தின் மேல் மட்டும் கால் வைத்து, வரிசை வரிசையாக ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்ப்பேன். இந்த வருடம் பதினொரு வாஷர் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாமே மேற்குச் சரிவில், சாயங்கால வெயில் நேராக அடிக்கிற பக்கத்தில்.